வாசகர் கேள்வி – பதில்: ராட்டினமும் ரயில் நிலையப் பட்டியலும்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, ஆட்டிசம் உள்ளவன். ஓரளவு பேசுவான். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரையுள்ள மெட்ரோ நிலையங்களை வரிசை மாறாமல் ஒப்பிப்பான். எங்கள் தெருமுனையில் இரவெல்லாம் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போனாலும் அசையாமல் தூங்குகிறவன், அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். மே மாத விடுமுறையில் என் கொழுந்தனார் குடும்பத்தோடு சேர்ந்து ஈ.சி.ஆர். பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போவதென்று முடிவாகியிருக்கிறது. "பிள்ளையை அலைக்கழிக்காதே, என்னிடம் விட்டுவிட்டுப் போ" என்கிறார் என் மாமியார். அவனை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரி, அழைத்துப் போங்கள். ஆனால் பத்துப் பேர் போகிற வேனில் பதினோராவது ஆளாக அவனை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். மே மாதமும் வேண்டாம். கத்திரி வெயிலும் விடுமுறைக் கூட்டமும் சேர்ந்தால் பெரியவர்களுக்கே பொறுமை போய்விடும். பள்ளிகள் திறந்த பிறகு, ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ, ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமையில் அவனுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போவதே என் யோசனை. டிசம்பர், ஜனவரியில் வார நாள்களிலும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கும் என்பதால், வார நாள் என்றாலே கூட்டம் இருக்காது என்று நம்பிவிட முடியாது.

லாரியையும் குக்கரையும் பற்றி நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. லாரிச் சத்தம் அவன் பிறந்த நாள் முதல் காதில் விழுந்துகொண்டிருப்பது; தூரத்தில் தொடங்கி, நெருங்கி, தேய்ந்து போவது. குக்கர் விசிலோ எப்போது வரும் என்று தெரியாமல், பக்கத்திலிருந்தே பாய்வது. ஒலியின் அளவைவிட, அது முன்னறிவிப்பில்லாமல் வருவதுதான் அவனைக் கலைக்கிறது என்று தோன்றுகிறது. தீம் பார்க்கில் "குக்கர் விசில்கள்" எவையெவை என்று முன்கூட்டியே கணக்கெடுங்கள்: செயற்கை அலைக்குளத்தில் அலை எழுவதற்கு முன் பல இடங்களில் ஒலிக்கும் சைரன், மழை நடனம் நடக்கும் இடத்தின் ஒலிபெருக்கிகள், ராட்டினம் புறப்படும் மணி, எல்லோரும் மறந்துவிடுகிற கழிப்பறைக் கை உலர்த்தி. காதை முழுதாக மூடும், ஹெட்போன் போன்ற ஒலித்தடுப்பான் ஒன்றை வாங்கி, இரண்டு வாரம் வீட்டில் குக்கர் வைக்கும் நேரத்தில் அணியப் பழக்குங்கள். பூங்கா வாசலில் முதல்முறையாக மாட்டினால், அதையும் ஒரு தொல்லையாகவே எண்ணிக் கழற்றி எறிவான்.

சத்தத்துக்கு அடுத்தது தோல். நீர் விளையாட்டுப் பகுதிகளில் பருத்தி உடைக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. நைலான் போன்ற துணியில் தைத்த நீச்சலுடைதான் கேட்பார்கள். உடலோடு ஒட்டும் அந்த ஈரத்துணியைச் சகிக்க முடியாத குழந்தைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அதை முன்னதாகவே வாங்கி, இரண்டு மூன்று முறை துவைத்து, விறைப்பு போன பிறகு வீட்டுக் குழாயடியில் போட்டுப் பழக்குங்கள். மணிக்கட்டில் காகிதப் பட்டை கட்டுவார்கள் என்றால், ஒரு ரிப்பனைக் கட்டி அதையும் ஒத்திகை பார்த்துவிடலாம். வெளி உணவை உள்ளே விடுவதில்லை என்பது பல பூங்காக்களின் விதி. தயிர்சாதமும் ஒரே ஒரு வகை பிஸ்கட்டும் தவிர வேறெதையும் தொடாத பிள்ளை என்றால், முன்கூட்டியே தொலைபேசியில் நிலைமையைச் சொல்லி அனுமதி கேளுங்கள். யார் சம்மதித்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, யூ.டி.ஐ.டி., இருந்தால் அசலோடு ஒரு நகலும் எடுத்துச் செல்லுங்கள்.

இனி, உங்கள் மகன் ஒப்பிக்கும் மெட்ரோ நிலையங்களுக்கு வருகிறேன். அன்றைய நாளையும் அவனுக்கு ஒரு ரயில் தடமாகவே வரைந்து கொடுங்கள். வீடு, தண்டையார்பேட்டை மெட்ரோ, கிண்டி, அங்கிருந்து கார், டிக்கெட் கவுன்ட்டர், பெட்டகம், முதல் ராட்டினம், சாப்பாடு என்று ஒவ்வொன்றும் ஒரு நிலையம். கடைசி நிலையம் மறுபடியும் வீடு. திரும்பும் நிலையம் தாளில் தெரிவது முக்கியம், ஏனென்றால் எப்போது முடியும் என்று தெரியாத நாளைப் போல் இக்குழந்தைகளை வாட்டுவது வேறொன்றில்லை. சில ராட்டினங்கள் பராமரிப்புக்காக மூடியிருக்கலாம். ஆகையால் "இந்த நிலையத்தில் இன்று ரயில் நிற்காது" என்று எழுதிய அட்டைகள் இரண்டையும் கையில் வைத்திருங்கள். வேனைவிட மெட்ரோவில் கிளம்பினால், நாளின் முதல் ஒரு மணி நேரமாவது அவனுக்குப் பிடித்த உலகத்தில் கழியும்.

ராட்டினங்களைப் பொறுத்தவரை முன்முடிவு வேண்டாம். கொழுந்தனார் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ளும் ராட்டினத்தில் இவன் சிரித்துக்கொண்டே மூன்று முறை ஏறவும் கூடும்; சுழற்சியையும் மார்பில் அழுத்தும் பாதுகாப்புக் கம்பியையும் விரும்பித் தேடும் குழந்தைகள் உண்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார முடியாது என்றால் அந்த ராட்டினம் வேண்டாம். வலிப்பு வந்த வரலாறு இருந்தால், மின்னும் விளக்குகள் உள்ள இருட்டு அறைகள் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் நுழையாதீர்கள். வரிசையில் அவனை நிறுத்தாமல் ஒருவர் நிற்க, மற்றவர் அவனோடு நிழலில் இருந்து முறை வரும்போது சேர்ந்துகொள்ளலாமா என்று ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்ட இடங்களில் பெரும்பாலும் மறுக்கவில்லை என்பது என் அனுபவம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தண்ணீர் மீது தீராத ஈர்ப்பு உண்டு. கண் இமைக்கும் நேரத்தில் கையை உதறிவிட்டு ஓடுவார்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாருமே பார்க்கவில்லை என்றுதான் பொருள். ஆகவே அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்பை ஒப்படையுங்கள். காலையில் கிளம்பும்போது அன்றைய உடையில் ஒரு புகைப்படம் எடுத்துவைத்து, சட்டையின் உட்புறம் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதுங்கள். காணவில்லை என்றால் முதலில் குளங்களைப் பாருங்கள். உடனே ஊழியர்களிடம் சொல்லுங்கள், 112-க்கும் அழையுங்கள்.

உங்கள் மாமியாரை வீட்டில் விடாதீர்கள், கூடவே அழைத்துப் போங்கள். பிள்ளை அலைக்கழியக் கூடாது என்ற அவர் கவலை நியாயமானது. அவன் அழத் தொடங்கினால் பேச்சையும் சமாதானத்தையும் நிறுத்தி, அமைதியான ஓர் இடத்துக்கு அழைத்துப் போய் உடன் உட்கார ஒருவர் வேண்டும். அதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார்? உங்கள் கணவரோ நீங்களோ அவனோடு முன்னதாகத் திரும்பிவிடலாம் என்பதைக் கொழுந்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காலை 11 மணிக்கு நுழைந்து 1 மணிக்கே வெளியேற நேர்ந்தாலும், டிக்கெட் காசு வீணாயிற்று என்று அவன் காதுபட யாரும் சொல்லக் கூடாது.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமையும் அதீதத் துறுதுறுப்பும்) உள்ளதாகவும் மருத்துவர் கூறியுள்ளார். பள்ளியில் தீம் பார்க் சுற்றுலாவுக்கு அவளை மட்டும் அனுப்ப வேண்டாம் என்கிறார்கள். இது முறையா?
– ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: முறையல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் மற்ற மாணவர்களுக்குச் சமமாக விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளை அளிக்க வேண்டும் என்கிறது. அச்சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை, ஆனால் கற்றல் குறைபாடு இடம்பெற்றிருக்கிறது. எனவே உங்கள் கடிதத்தில் அந்தச் சான்றிதழையே முன்வையுங்கள். சட்டத்தைச் சொல்லிச் சண்டைக்குப் போவதற்கு முன், வகுப்பாசிரியையின் அச்சம் என்னவென்று கேளுங்கள். நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற அவர், ஓடிப்போகும் ஒருத்தியை எண்ணித்தான் தயங்கியிருப்பார். பெற்றோர் ஒருவர் உடன் வருவதாகச் சொல்லிப் பாருங்கள். மகள் மாத்திரை உட்கொள்கிறாள் என்றால், சுற்றுலா நாள் மாலை வரை நீள்வதால் அதன் நேரத்தை மருத்துவரிடம் கேட்டு, அரைப் பக்கத்தில் எழுதி ஆசிரியையிடம் கொடுங்கள். எந்தத் தோழியின் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் அமைதியாக இருப்பாள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.