மாத்திரையை நிறுத்திய பிறகு உடம்பு படும் பாடு

மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்றவற்றுக்குத் தரப்படும் ஆன்டிசைக்கோட்டிக் மருந்துகளை நம் வீடுகளில் ‘நரம்பு மாத்திரை’ என்பார்கள், இல்லையென்றால் ‘தூக்க மாத்திரை’ என்பார்கள். தூக்க மாத்திரைதானே என்று நிறுத்தப் போய் உடம்பு ஆடிப்போனவர்களின் கேள்விகளே இந்த முறை அதிகம்.

ஒலான்சபின் 10 மி.கி. நாலு வருஷமாகச் சாப்பிட்டேன். எடை ஏறிக்கொண்டே போனதால் போன வாரம் ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து குமட்டல், வேர்வை, வயிற்றுப்போக்கு. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. நோய் திரும்பிவிட்டது என்கிறார் அண்ணன்.

நீங்கள் எழுதியிருப்பவை பெரும்பாலும் மருந்து விலகுவதால் வரும் அறிகுறிகள். ஒலான்சபின், மூளையில் சேதி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளை மட்டும் தடுப்பதில்லை. அசிட்டைல்கோலின், ஹிஸ்டமின் என்ற இரண்டையும் சேர்த்தே தடுக்கிறது. நாலு வருஷத் தடைக்கு உடம்பு பழகி, அவற்றை வாங்கும் இடங்களைக் கூடுதல் கூர்மையாக்கி வைத்திருக்கும். தடை திடீரென்று விலகினால் அசிட்டைல்கோலின் குடலையும் வேர்வைச் சுரப்பிகளையும் முடுக்கிவிடும், ஹிஸ்டமின் தூங்கவிடாது. ஒலான்சபினில் பாதி வெளியேறவே சுமார் 30 மணி நேரம் ஆகும் என்பதால் மூன்றாம் நாள் தொடங்கியதும் கணக்குக்குப் பொருந்துகிறது. வயிற்றுத் தொல்லை பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும்.

நோய் திரும்புவது வழக்கமாகச் சில வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான். காதில் குரல், சந்தேகம், பேச்சில் தடுமாற்றம் என்று அது வேறு முகம் காட்டும். ஆனாலும் அண்ணனின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். தொடர்ந்து சில ராத்திரி தூங்காமல் இருப்பதே நோயைக் கிளப்பிவிடும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பழைய அளவையோ அதில் ஒரு பங்கையோ திரும்பத் தொடங்கி, பிறகு படிப்படியாக இறக்குவதுதான் வழக்கமான தீர்வு.

அதுவரை ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். பாக்கெட் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியமும் சாப்பிடுகிறவராக இருந்தால் வயிற்றுப்போக்கைச் சாதாரணமாக விடக்கூடாது. உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் ரத்தத்தில் ஏறி நஞ்சாகும். இன்னொன்று: மருந்துக்கடையில் ‘வாந்தி மாத்திரை’ என்று கேட்டு வாங்காதீர்கள். மெட்டோகுளோப்ரமைடும் புரோகுளோர்பெரசினும் அவையே டோபமினைத் தடுப்பவை. கால் ஒரு இடத்தில் நிற்காத தவிப்பையும் தாடை இழுப்பையும் அவை கொண்டுவந்துவிடலாம்.

எடை பற்றிய உங்கள் கவலை முழுக்க நியாயமானது. அதை டாக்டரிடம் நேராகவே சொல்லுங்கள். எடை குறைவாக ஏற்றும் மருந்துக்கு மாறலாம், மெட்ஃபார்மின் சேர்க்கலாம். வழி இருக்கிறது.

ரிஸ்பெரிடோன் 4 மி.கி.யை டாக்டர் 2 ஆக்கியபோது ஒன்றும் தெரியவில்லை. அந்த 2-ஐ நிறுத்தியதும் படபடப்பு, தூக்கமின்மை, உடம்பெல்லாம் வலி. பாதி குறைத்தபோது வராதது மீதிப் பாதியில் ஏன் வந்தது?

மாத்திரையின் எடையும் மூளையில் அது செய்யும் வேலையும் ஒரே கணக்கில் போவதில்லை. ரிஸ்பெரிடோன் 2 மி.கி.யே, டோபமினை வாங்கும் இடங்களான ஏற்பிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அடைத்துவிடும். 4 மி.கி. அதற்கு மேல் கொஞ்சம்தான் கூட்டும். ஆக, 4-லிருந்து 2-க்கு வந்தபோது நீங்கள் ஒரு படி இறங்கினீர்கள். 2-லிருந்து பூஜ்யத்துக்கு வந்தபோது மாடியிலிருந்தே குதித்துவிட்டீர்கள்.

அதனால் ஒவ்வொரு முறையும் குறைக்கும் அளவு, அப்போது சாப்பிடும் அளவில் ஒரு பங்காக இருக்க வேண்டும். கால் பங்கு நல்ல தொடக்கம். 2, 1.5, 1, 0.75, 0.5, 0.25 என்று கீழே போகப் போகப் படிகள் சின்னதாகும். பல வருஷம் சாப்பிட்டவருக்கு ஒரு படிக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். அவசரப்படுத்தும் எந்த அட்டவணையையும் நான் ஏற்கமாட்டேன்.

சின்ன அளவுகளுக்கு 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ரிஸ்பெரிடோன் திரவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கரண்டியால் அளக்காதீர்கள். ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் இழுத்து, காற்றுக்குமிழைத் தட்டி வெளியேற்றி, கண் மட்டத்துக்கு நேராகப் பிடித்து, கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு 0.5 கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். அதுதான் அரை மி.கி. மாத்திரையைத்தான் வெட்ட வேண்டுமென்றால் வெட்டும் டப்பியில் அன்றன்றைக்கு வெட்டுங்கள். மாதத்துக்கும் சேர்த்து வெட்டி வைத்தால் ஓரம் உதிர்ந்து அளவு மாறும். குவெட்டியாபின் எஸ்.ஆர். போல மெதுவாகக் கரையும் மாத்திரைகளை வெட்டவே கூடாது, முழு நாளுக்கான மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவதும் வேண்டாம். அளவு ஏறி இறங்கி உடம்பைப் படுத்தும்.

மெதுவாகக் குறைத்தாலும் ஆபத்து முழுதாகப் போய்விடாது. இங்கிலாந்தில் 253 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்தவர்களில் 25 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு நோய் திரும்பியது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 13 சதவீதம். முடிவெடுக்கும் முன் வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரையை விட்டு பத்து நாள். உட்கார முடியவில்லை. காலுக்குள் ஏதோ ஊர்கிறது. விடிய விடிய நடக்கிறேன். செத்துவிடலாம் போலிருக்கிறது.

இன்றைக்கே யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சாக வேண்டும் என்ற நினைப்பு கூடினால் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இந்தத் தவிப்புக்கு அகத்தீசியா என்று பெயர். மருந்தைத் தொடங்கும்போது வருவது போலவே நிறுத்தும்போதும் வரும். மனம் பலவீனம் என்று நினைக்காதீர்கள், நரம்பு செய்யும் வேலை இது. இதற்குச் சிகிச்சை உண்டு. புரோபிரனலால் பலருக்குக் கேட்கும். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுவரை காபி, டீ கூடாது.

அம்மாவுக்கு 58 வயது. ஹாலோபெரிடால் நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. வெற்றிலை மெல்லுவது போல வாய் அசைந்துகொண்டே இருக்கிறது, நாக்கு வெளியே வந்து போகிறது.

நீண்ட காலம் தடுக்கப்பட்டுக் கூர்மையாகிவிட்ட டோபமின் ஏற்பிகள் விடுபட்டதும் இப்படி ஆகும். பலருக்கு ஓரிரு மாதத்தில் தானே குறையும். அதற்கு மேலும் நீடித்தால் டார்டிவ் டிஸ்கைனீசியா (இந்த மருந்துகளால் வந்து நிலைத்துவிடும் அசைவுக் கோளாறு) என்று எடுத்துக்கொண்டு டெட்ராபெனசின் போன்ற மருந்துகளை யோசிப்பார்கள். பழைய மாத்திரையை நீங்களாகத் திரும்பக் கொடுத்தால் அசைவு நின்றது போலத் தெரியும். உள்ளே பிரச்சினை மூடி மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போகும் முன் பல்செட் லூசாக இருக்கிறதா என்று பாருங்கள், அதனாலும் வாய் அசையும். பிறகு கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில், கை முழங்கால் மேல் இருக்க ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். வாயைத் திறந்து நாக்கை உள்ளேயே வைத்திருக்கச் சொல்லி இன்னொன்று. மாதம் ஒருமுறை இதையே எடுத்தால் கூடுகிறதா குறைகிறதா என்பது விளங்கும்.

ஹாலோபெரிடாலையும் டிரைஹெக்சிபெனிடிலையும் ஒரே நாளில் விட்டேன். உடம்பு விறைத்து, கை நடுங்குகிறது.

இரண்டாவது மாத்திரை முதலாவதின் விறைப்பைத் தடுக்கத்தான் கொடுக்கப்பட்டது. ஹாலோபெரிடால் மெதுவாகத்தான் வெளியேறும்; காவல்காரன் முன்னாலேயே போய்விட்டதால் விறைப்பு தலைகாட்டுகிறது. டிரைஹெக்சிபெனிடிலைக் கடைசியில், அதுவும் சிறுகச் சிறுகக் குறைப்பார்கள். டாக்டரிடம் கேட்டுத் திரும்பத் தொடங்குங்கள். விறைப்போடு காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவு.

ஊருக்குப் போன இடத்தில் குளோசபின் நாலு நாள் கிடைக்கவில்லை. இன்று முதல் பழையபடி 300 மி.கி. சாப்பிடலாமா?

கூடாது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் 12.5 மி.கி.யிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். ஒரேயடியாக 300 போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், வலிப்பு வரலாம். விட்டுப்போன மணி நேரத்தைக் குறித்துக்கொண்டு இப்போதே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இடையில் பேச்சு நின்று, உடம்பு மரம் போல ஆகிவிட்டால் ஆம்புலன்ஸ்தான்.

அமிசல்பிரைடு சாப்பிட்டபோது மாதவிலக்கே வரவில்லை. நிறுத்தி இரண்டு மாதம், இன்னும் வரவில்லை.

அந்த மருந்து, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை ஏற்றி மாதவிலக்கை நிறுத்தியிருக்கும். நிறுத்தியதும் அது இறங்கி, முதல் மாதவிலக்குக்கு முன்பே சினைமுட்டை வெளிவந்துவிடலாம். எனவே முதலில் காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு ரத்தத்தில் புரோலாக்டின். குழந்தை இப்போது வேண்டாம் என்றால், வரட்டும் என்று காத்திருக்காமல் இன்று முதலே ஆணுறை.