தை மாதத்தில் காந்தள் காய்ந்தால்

கேள்வி: மொட்டை மாடித் தொட்டியில் செங்காந்தள் வைத்தேன். ஐப்பசியில் நன்றாகப் பூத்தது. இப்போது தை பிறந்ததும் இலை மஞ்சளாகிக் கொடி காய்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் விட்டும் துளிர்க்கவில்லை. கிழங்கு விற்றவர், "செத்துப்போச்சு, புதுக் கிழங்கும் டானிக்கும் வாங்குங்க" என்கிறார். வாங்கலாமா? (வாசகி, கல்லிடைக்குறிச்சி)

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். காந்தள் மழைக்காலக் கொடி. பூத்துக் காய் முற்றியதும் மேலே இருப்பது காய்ந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். உறங்கும் கிழங்குக்கு ஈரம்தான் எமன். தொட்டியை மழை படாத இடத்தில் வைத்துவிட்டு வைகாசிக் கடைசி வரை சும்மா இருங்கள்.

ஆனால் எப்போது மஞ்சளானது என்பது முக்கியம். ஆவணியில், பூக்கும் முன்பே, கொடி அடியிலிருந்து மஞ்சளாகிச் சாய்ந்தால் அது அழுகல். அப்போது காத்திருக்கக் கூடாது. உடனே தோண்டிக் கிழங்கை அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தால் மண்ணோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள். கவட்டையாகப் பிரியும் கிழங்கில் ஒரு கை அழுகி மறு கை கெட்டியாக இருந்தால், கெட்டியானதைப் பிரித்து நிழலில் உலர்த்திப் புது மண்ணில் வைக்கலாம். உங்கள் கொடி பூத்து ஓய்ந்த பிறகு காய்ந்ததால் அந்தப் பயம் இல்லை. ஆனாலும் இத்தனை நாள் தண்ணீர் விட்டிருக்கிறீர்கள், ஒருமுறை கையுறை போட்டுக் கிளறிப் பார்த்துவிடுங்கள்.

இனி எப்போதாவது கிழங்கு வாங்கினால், நுனியைப் பாருங்கள். முளைக்கண் கையின் நுனியில்தான் இருக்கும். உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. நுனி ஒடிந்த கிழங்கை எந்த டானிக்காலும் முளைக்க வைக்க முடியாது. இது தெரிந்தேதான் ஒடிந்த துண்டுகளைக் கூடை கூடையாக விற்கிறார்கள். "மலைக் கிழங்கு, அசல்" என்று யாராவது சொன்னால் வாங்கவே வாங்காதீர்கள். களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில் தோண்டுவது குற்றம், காடும் காலியாகிறது. "விதையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், ஏக்கர் கணக்கில் போடுங்கள்" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். மூலனூர்ப் பக்கம் பல வருடமாகக் கண்வலிக்கிழங்கு (இதே காந்தள்தான்) போடும் விவசாயிகளே வியாபாரி சொல்லும் விலைக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். அரசு விலை வையுங்கள் என்று அவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். மாநிலப் பூ என்று சுவரில் வரைகிறோம், விற்கிற கிழங்கில் கண் இருக்கிறதா என்று சோதிக்க ஓர் ஆள் வருவதில்லை. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்த தொட்டியில் கிழங்கைப் படுக்கவைத்து, நாலு விரல் ஆழத்துக்கு மூடுங்கள். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை அவசியம். முளை தெரிந்த அன்றே மெல்லிய குச்சி நட்டுவிடுங்கள். இலை நுனியால்தான் கொடி பற்றி ஏறும், பருத்த கம்பைப் பிடிக்காது. தளிர் நுனியைத் தொடவே வேண்டாம், ஒடிந்தால் அந்த வருடம் பூ இல்லை.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் தொட்டி எட்டாத இடத்தில்தான் இருக்க வேண்டும். இந்தச் செடி முழுக்கக் கோல்சிசின் என்ற நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். தோண்டிய கிழங்கை அடுக்களைப் பக்கம் வைக்காதீர்கள், வள்ளிக்கிழங்கு என்று அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. யாராவது வாயில் வைத்துவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரம் போக்காமல் 108-ஐக் கூப்பிட்டுப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், கிழங்குத் துண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.