மணலில் கிடைத்தது யாருக்கு? வாசகர் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை முடிந்து, கடல் கரையை அரித்துவிட்டுப் போனதும் எனக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை பாதிக்கு மேல் மெட்டல் டிடெக்டர் சமாசாரம்தான்.

சில்வர் பீச்சில் டிடெக்டர் வைத்துத் தேடினால் குற்றமா? (கடலூர் முதுநகர்)

புதையல் சட்டம் 1878-இல் வந்தது. அப்போது டிடெக்டர் ஏது? கையில் என்ன கருவி என்று அது கேட்பதில்லை. மண்ணிலிருந்து என்ன எடுத்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்றுதான் கேட்கும். ஆனால் கடற்கரை அரசு நிலம். மண்வெட்டியோடு போய்க் குழி பறித்தால் நீங்கள் தேடுவது நாணயம் என்று யாரும் நம்பமாட்டார்கள், மணல் திருட்டு என்றுதான் நினைப்பார்கள். போவதற்கு முன்பே தாலுகா அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

தேவனாம்பட்டினம் பக்கம் மூழ்கிய ஆங்கிலேயக் கப்பலில் தங்கம் இருக்கிறதாமே? புதையல் வேட்டைக்கு நாங்கள் நான்கு நண்பர்கள் தயார்.

நீங்கள் சொல்வது 'நாமூர்' கப்பலாக இருக்க வேண்டும். 1749 ஏப்ரல் புயலில் புனித டேவிட் கோட்டைக்கு அருகே மூழ்கியது. அட்மிரல் போஸ்காவெனின் தலைமைக் கப்பல். அவர் கரையில் இருந்ததால் தப்பினார், கப்பலில் இருந்தவர்களில் 500 பேருக்கு மேல் செத்தார்கள். அதே புயலில் 'பெம்புரோக்' என்ற போர்க்கப்பலும் போனது. 1761 புத்தாண்டில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களைப் புயல் அடித்தபோது செத்தவர்கள் சுமார் 1,100 பேர். நீங்கள் வேட்டை என்று எழுதுகிற இடம் இடுகாடு. சட்டம் வேண்டுமானால் அரசியலமைப்பின் 297-ஆவது பிரிவைப் படியுங்கள்: நம் கடல் எல்லைக்குள் கடலடியில் கிடக்கும் மதிப்புள்ள பொருள்கள் மத்திய அரசைச் சேர்ந்தவை. போதாதென்று, போர்க்கப்பல் எத்தனை காலம் மூழ்கிக் கிடந்தாலும் அதை அனுப்பிய நாடு உரிமை கோருவது வழக்கம். தங்கத்தை மறந்துவிடுங்கள்.

அரிக்கமேட்டில் தேடலாமா?

கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். மூன்றாவது வருடமாக இதே கேள்வி.

மழைக்குப் பிறகு தாழங்குடா பக்கம் செப்புக் காசுகள் கிடைத்தன. ஒரு பக்கம் பூ மாதிரி முத்திரை. பத்து ரூபாய்கூடப் போகாது என்கிறார்கள். யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். பூ மாதிரி என்றால் பிரெஞ்சுக்காரரின் அல்லி முத்திரையாக இருக்கலாம். மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்று தெரிந்தால் அது டூடு என்ற பிரெஞ்சுக் காலத்துச் செப்புக் காசு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-இன் கணக்கு. இன்றைக்குப் பத்து ரூபாய்க்கு எந்தப் பழங்காசு கிடைக்கிறது? என்ன பொருள், எவ்வளவு, தோராயமாக என்ன மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி: இவ்வளவும் கடிதத்தில் இருக்கட்டும். மறைத்தால் உங்கள் பங்கு போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. சொன்னால் கலெக்டர் அறிவிப்பு வெளியிடுவார், உரிமை கோருபவர்கள் வர நான்கு முதல் ஆறு மாதம் தவணை. அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால், மூலச் சட்டப்படி உலோக விலையோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும்.

இதையெல்லாம் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வரும். தானே புயல் அடித்து (2011 டிசம்பர் கடைசி) ஓய்ந்த பிறகு, தெரிந்த மீனவர் ஒருவர் ஒரு கைப்பிடிக் காசுகளைக் கொண்டுவந்தார். சட்டப்படி செய்வோம் என்று நான்தான் அவரை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்தவர் காசுகளைப் புரட்டிப் பார்த்தார், மேசை அறைக்குள் போட்டார், "சரி, போங்க" என்றார். ரசீது கேட்டதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் அப்படி எதுவும் வரவே இல்லையாம். அடுத்த முறை அந்த மீனவருக்குக் காசு கிடைத்தபோது எங்கும் போகவில்லை, எடைக்குப் போட்டு உருக்கிவிட்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எந்தக் கரையில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற தகவலும் காசோடு உருகிப் போனது. அதனால் எழுத்தில் கொடுங்கள், புகைப்படம் எடுங்கள், ஊர்ப் பஞ்சாயத்து நாட்டார் ஒருவரைச் சாட்சிக்கு அழைத்துப் போங்கள். அப்புறம், ரசீது இல்லாமல் காசு கை மாறக் கூடாது.

வலையில் பழைய நங்கூரம் மாட்டியது. இரும்புக் கடைக்குப் போடலாமா?

வேண்டாம். அது புதையல் கணக்கில் வராது, கப்பல் சிதைவுக் கணக்கில் வரும். துறைமுக அலுவலகம் வழியாக அதற்குரிய அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். மீட்டதற்கான கூலி கேட்கவும் வழி உண்டு. கரைக்கு வந்த சிதைவுப் பொருளைச் சுங்கச் சட்டம் இறக்குமதிச் சரக்காகவே பார்க்கும். 1958-ஆம் வருடத்து வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதியது நிறைவேறியிருப்பதால், பழைய புத்தகத்தைப் பார்த்துப் பிரிவு எண் போட்டு மனு எழுதாதீர்கள்.

பாரிசில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு பழங்காசை அன்பளிப்பாக அனுப்பலாமா? விற்கவில்லையே! (முத்தியால்பேட்டை)

நூறு வயதைத் தாண்டிய காசு தொல்பொருள். அன்பளிப்பு என்றாலும் ஏற்றுமதிதான். 1972 தொல்பொருள் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. சித்தப்பாவுக்கு முறுக்கு அனுப்புங்கள்.

புளி போட்டுத் தேய்த்தால் காசு பளபளக்குமா?

பளபளக்கும், எழுத்துதான் இருக்காது. அந்தப் பச்சைப் படிவத்தில்தான் முத்திரையே தங்கியிருக்கும். தேய்க்காமல் கொடுங்கள்.

டிடெக்டரில் தங்க மோதிரம் கிடைத்தது. புதியது மாதிரி இருக்கிறது. எனக்குத்தானே?

இல்லை. யாரோ குளிக்கும்போது தொலைத்தது. உரியவரைத் தேடாமல் வைத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆவது பிரிவு: ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. காவல் நிலையத்தில் கொடுங்கள், ரசீது கேளுங்கள்.

ஐயா, ஒரு பழைய பொருள் கிடைத்துள்ளது. மதிப்பு என்ன? அவசரம்.

என்ன பொருள், எந்தக் கரை, எந்தத் தேதி? படமும் இல்லை, ஊரும் இல்லை. எனக்கு அவசரம் இல்லை.