கவரில் ‘பயோ’ என்று போட்டிருந்தால் மக்கிவிடுமா?

மதுரையில் சின்னதாக இனிப்பு, காரக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மொத்தக் கடையில் பயோ கவர், எக்கோ கவர், கம்போஸ்டபிள் கவர் என்று மூன்று ரகம் காட்டுகிறார்கள், விலையும் மூன்று விதம். பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றுதானே? பயோ என்றாலே மக்கும் என்றுதானே அர்த்தம்?”

இல்லைங்க. குழப்பமே அந்த ‘பயோ’வில்தான் இருக்கிறது. கிரேக்கத்தில் உயிர், வாழ்க்கை என்று பொருள். தமிழில் ‘உயிரி’ என்று முன்னால் போடுகிறோம். ஆனால் அது ஒட்டிக்கொள்ளும் இடத்தைப் பொறுத்துச் சேதி மாறும். உயிரி உரம் என்றால் அசோஸ்பைரில்லம் மாதிரி உயிருள்ள நுண்ணுயிரியே உள்ளே இருக்கிறது. உயிரி டீசல் என்றால் தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு போன்றவற்றிலிருந்து எடுத்தது, அவ்வளவுதான். அதில் உயிர் எதுவும் இல்லை. பயோகேஸ் என்கிற சாண எரிவாயுவில் நுண்ணுயிரி வேலை செய்து வாயுவை உண்டாக்குகிறது.

பிளாஸ்டிக்கில் இந்த வித்தியாசம் காசு விஷயமாகிவிடுகிறது. ‘பயோ பிளாஸ்டிக்’ என்பவர் பொருள் எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்கிறாரா, கடைசியில் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறாரா என்று பாருங்கள். பிரேசிலில் கரும்பு எத்தனாலில் இருந்து பாலிஎத்திலீன் செய்கிறார்கள். கரும்பில் பிறந்தாலும் அது சாதாரண பாலித்தீனேதான், மக்காது. பிபிஏடி என்று ஒரு பிளாஸ்டிக், பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனால் மக்கும்! மக்கும் கவர்களில் பலவும் இதோடு ஸ்டார்ச்சோ, தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கோ கலந்து செய்தவைதான்.

அப்புறம் ‘ஆக்ஸோ-பயோ’ என்று ஒரு சரக்கு வரும். சாதாரண பாலித்தீனில் வேதிப்பொருள் சேர்த்து, வெயிலில் சீக்கிரம் பொடியாகும்படி செய்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துண்டு துண்டாகிப் போவதை மக்கிவிட்டது என்று விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் இந்த ரகத்தையே தடை செய்துவிட்டது.

‘எக்கோ’வைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, அது விளம்பரச் சொல். ஆதாரம் காட்டாமல் ‘எக்கோ ஃப்ரெண்ட்லி’ என்று பொத்தாம்பொதுவாகப் போடக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

கம்போஸ்டபிள் என்பதற்குத்தான் கறாரான அளவுகோல் உண்டு. ஐஎஸ் 17088 என்ற இந்தியத் தரப்படி, உரமாக்கும் சூழலில், 58 டிகிரி வாக்கிலான சூட்டில், 180 நாளுக்குள் அதன் கார்பனில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். அந்தச் சூடு பெரிய உரக் கூடங்களில் கிடைக்கும். கொல்லையில் புதைத்தாலோ வாய்க்காலில் போட்டாலோ கிடைக்காது. அதனால் மக்கும் கவர் என்று சொல்லி வாடிக்கையாளரைத் தெருவில் வீசச் சொல்லிவிடாதீர்கள்.

சரி, எதை வாங்குவது? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடிமன் எவ்வளவு இருந்தாலும் தடை, ‘பயோ’ என்ற எழுத்து உங்களைக் காப்பாற்றாது. சான்று பெற்ற கம்போஸ்டபிள் கவரைத்தான் தேட வேண்டும். கவரைக் கையில் எடுத்து அச்சைப் படியுங்கள்: கம்போஸ்டபிள் என்ற சொல், ஐஎஸ் 17088, தயாரிப்பாளர் பெயர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று எண் எல்லாம் இருக்க வேண்டும். பச்சை இலைப் படம் கணக்கில் வராது. சான்றின் நகலை மொத்தக்காரரிடம் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்துக் கல்லாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். “அதெல்லாம் கம்பெனியில் இருக்கும்” என்று இழுத்தால் வேறு கடை பாருங்கள். இன்னொன்று, மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள், இந்தக் கவர்கள் நாளானால் நைந்து கிழியும். சுடச்சுட எடுத்த பஜ்ஜிக்கு எந்தக் கவரும் வேண்டாம், வாழை இலையோ காகிதமோ போதும்.