மச்சாளையும் பெரியப்பா மகளையும் வைத்து மானிடவியல் படிப்பது எப்படி?

கேள்வி: கொழும்பில் இருந்துகொண்டு வெளிவாரிப் பட்டத்துக்குத் தமிழ் மொழிமூலம் படிக்கிறேன். மானிடவியலில் உயிரியல் பகுதியும் சமூகப் பகுதியும் இரண்டு வேறு பாடங்கள் மாதிரி இருக்கின்றன. எந்த எண்ணக்கருக்களைப் பிடித்தால் சோதனையில் இரண்டையும் சமாளிக்கலாம்?

பதில்:

ஒரு வெள்ளைத்தாள் எடுத்து உறவுமுறை வரைபடம் ஒன்று கீறுங்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கலியாணத்துக்குச் சமக்குறி, பிள்ளைக்குக் கீழே இறங்கும் கோடு, சகோதரங்களுக்குத் தலைக்கு மேலால் போகும் கோடு. யாருடைய இடத்திலிருந்து உறவு சொல்கிறோமோ அவரைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். விடைத்தாள்களில் அதிகம் விடுபடுவது இதுதான். அவர் இல்லாவிட்டால் படத்தில் 'மாமா' என்று எழுதுவதற்கே பொருளில்லை, யாருக்கு மாமா?

இப்போது ஓர் ஆணை நிரப்பி, அவனுக்கு ஒரு பெரியப்பா மகளையும் ஒரு மாமா மகளையும் போடுங்கள். முதலாமவள் அக்கா அல்லது தங்கச்சி, கலியாணப் பேச்சுக்கே இடமில்லை. மற்றவள் மச்சாள், கட்டிக்கொள்ளும் முறை. ஆனால் பிறப்புரிமையியலில் இருவரும் அவனுக்கு ஒரே தூரம். இருவரில் யாரைக் கட்டினாலும் பிள்ளையின் உள்ளினச் சேர்க்கைக் குணகம் (ஒரு பரம்பரை அலகின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் நிகழ்தகவு) 1/16 தான். கணக்கு இப்படி: அப்பாவில் தொடங்கிப் பொது மூதாதை வழியாக அம்மா வரை வரும் ஆட்களை எண்ணுங்கள். ஐந்து பேர். ஆகவே 1/2 இன் ஐந்தாம் அடுக்கு, 1/32. பொது மூதாதையர் தாத்தா, பாட்டி என இருவர் என்பதால் இரண்டையும் கூட்ட 1/16. பலர் 1/8 என்று எழுதிப் புள்ளியை விடுகிறார்கள். அது மச்சானுக்கும் மச்சாளுக்கும் இடையிலான உறவுக் குணகம், அதாவது இருவருக்கும் வம்சவழியில் பொதுவான பரம்பரை அலகுகளின் பங்கு. பிள்ளைக்கு அதில் பாதி.

இந்த 1/16 ஐ வைத்து என்ன செய்வது? 10,000 பேரில் ஒருவருக்கு வரும் பின்னிடைவான நோய் ஒன்றை எடுங்கள், அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் நோய் எதிருரு (பரம்பரை அலகின் ஒரு வடிவம்) வந்தால் மட்டும் தோன்றுவது. ஹார்டி - வைன்பேர்க் சமன்பாடு பி² + 2பிகியூ + கியூ² = 1. பி என்பது சனத்தொகையில் சாதாரண எதிருருவின் பங்கு, கியூ நோய் எதிருருவின் பங்கு. வினாவில் தரும் 1/10,000 என்பது கியூ². அதைக் கியூ என்று எடுத்தால் முழுக் கணக்கும் போயிற்று. முதலில் வர்க்கமூலம்: கியூ = 0.01, பி = 0.99. காவிகள் (நோய் எதிருரு ஒன்றை மட்டும் வைத்திருப்பவர்கள், நோய் இல்லாதவர்கள்) 2பிகியூ = 0.0198, அதாவது நோயாளி ஒருவருக்குக் காவிகள் 198 பேர். மச்சான் - மச்சாள் கலியாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு நோய் வரும் நிகழ்தகவு கியூ² உடன் பிகியூ இன் 1/16 ஐயும் கூட்ட வருவது: 0.0001 + 0.00062, ஏறத்தாழ 0.0007. ஏழு மடங்கு கூடிவிட்டது, ஆனாலும் 10,000 இல் ஏழுதான். 'சொந்தத்தில் கட்டினால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும்' என்று எழுதுவதற்கும் 'ஒன்றுமே நடக்காது' என்று எழுதுவதற்கும் இந்த ஒரு வரி பதில் சொல்லிவிடும். கியூ 0.1 என்று வைத்துத் திரும்பக் கணித்துப் பாருங்கள், மடங்கு 1.6 ஆகக் குறையும். நோய் அரிதாக அரிதாகத்தான் சொந்தக் கலியாணத்தின் விளைவு பெரிதாகத் தெரியும்.

தலசீமியா என்ற பின்னிடைவான குருதி நோய் பற்றிக் கேட்டால் இன்னொரு பொறி இருக்கிறது. இரு காவிகளுக்கு நான்கு பிள்ளைகள் என்றால் ஒருவருக்குக் கட்டாயம் வரும் என்பது பிழை. ஒவ்வொரு கருத்தரிப்புக்கும் தனித்தனியே 25 வீதம். இப்படிப்பட்ட எதிருரு ஏன் அழியாமல் இருக்கிறது என்பதற்கு அரிவாள்கலச் சோகையையும் மலேரியாவையும் சொல்லுங்கள். மலேரியாப் பிரதேசத்தில் இதரநுகர் (இரு வேறு எதிருருக்கள் உள்ளவர்) இரு பக்கச் சமநுகரையும்விட (ஒரே எதிருரு இரண்டு உள்ளவர்கள்) நன்றாகத் தப்புகிறார். ஆய்வாளர் அலிசன் 1954 இல் காட்டியது இதைத்தான். இயற்கைத் தேர்வு எப்போதும் 'கெட்டதை' நீக்கும் என்ற எண்ணம் அங்கே உடைகிறது.

சரி, தூரம் ஒன்றென்றால் ஒருத்தி ஏன் தங்கச்சி, மற்றவள் ஏன் மச்சாள்? இதற்கு உயிரியலிடம் பதில் இல்லை. சமூக மானிடவியல் தொடங்கும் இடம் இதுதான். அப்பாவின் சகோதரன் பெரியப்பா, சித்தப்பா. அம்மாவின் சகோதரி பெரியம்மா, சித்தி. அவர்கள் அப்பா, அம்மா வகையில் சேர்ந்துவிடுவதால் அவர்களின் பிள்ளைகள் சகோதரங்கள். அம்மாவின் சகோதரன் மாமா, அப்பாவின் சகோதரி மாமி. கலியாணத்துக்குப் பிறகு மனைவியின் பெற்றோரையும் அதே சொற்களால்தான் கூப்பிடுகிறோம். இதுவே திராவிட உறவுமுறை. பெயரைப் பார்த்து மொழிக்குடும்பம் என்று நினைக்க வேண்டாம்: சிங்களத்திலும் தாய்மாமனும் மாமனாரும் 'மாமா', அத்தையும் மாமியாரும் 'நெந்தா'. பக்கத்துவீட்டுச் சிங்களக் குடும்பத்திடம் கேட்டு, இதே படத்தில் அவர்களுடைய சொற்களை நிரப்பிப் பாருங்கள்.

அடுத்த குழப்பம் மரபுவழியும் (வம்சம் யார் வழியாக வருகிறது) வதிவிடமும் (கலியாணத்துக்குப் பிறகு யார் வீட்டில் இருப்பது). தாய்வழி என்பது தாயாட்சி அல்ல. மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பக்கம் குடி (வம்சக் குழு) தாய்வழியாக வரும், ஒரே குடிக்குள் கட்டமாட்டார்கள், மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவார். ஆனால் கோயில் உரிமைகளை நடத்தியது ஆண்கள். பதவி மாமனிடமிருந்து மருமகனுக்குப் போனது. இங்கே ஒரு நுட்பம், எழுதினால் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்: அங்கே பெரியப்பா மகள் தன் தாயின் குடியைச் சேர்ந்தவள், பெரும்பாலும் வேறு குடி. குடி விதி அவளைத் தடுக்காது. ஆனாலும் அவள் தங்கச்சிதான். எனவே அந்தத் தடை குடியிலிருந்து வரவில்லை, உறவுமுறையிலிருந்து வருகிறது. சமூகத்தை வம்சக் குழுக்களால் விளக்கும் மரபுவழிக் கோட்பாட்டுக்கும், கலியாணத்தால் வரும் பிணைப்புகளால் விளக்கும், மானிடவியலாளர் லெவி ஸ்ட்ரோஸ் 1949 இல் முன்வைத்த மண உறவுக் கோட்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக விளக்குவது கடினம். கண்டியச் சட்டத்தின் தீக, பின்ன கலியாணங்களை வதிவிடத்துக்கு உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள்: தீகவில் பெண் போவாள், பின்னவில் மாப்பிள்ளை வருவார்.

சடங்கு வினாவுக்கு மானிடவியலாளர் வான் ஹெனப்பின் மூன்று கட்டங்கள் (1909) போதும்: பிரிவு, இடைநிலை, இணைப்பு. சாமத்திய வீட்டை எழுதுங்கள். பிள்ளையைத் தனியே இருத்துவது பிரிவு. குழந்தையும் இல்லை, குமரும் இல்லை என்று இருக்கும் நாட்கள் இடைநிலை. நீராட்டிச் சேலை உடுத்திச் சபைக்குக் கொண்டுவருவது இணைப்பு. வெள்ளவத்தையில் மண்டபம் கிடைக்கும்வரை விழா மாதக்கணக்கில் தள்ளிப்போவதும், பிள்ளை நடுவில் பள்ளிக்கூடம் போய்வருவதும் உண்டு. அப்போது இடைநிலை எது என்று விவாதித்தால் இன்னும் நல்ல விடை.

கூர்ப்புப் பகுதியில் நேரம் வீணாக்க வேண்டாம். மனிதன் சிம்பன்சியிலிருந்து வரவில்லை, இரண்டுக்கும் பொது மூதாதை. மூளை பெருத்த பிறகு நிமிர்ந்து நடக்கவில்லை: 1974 இல் எதியோப்பியாவில் கிடைத்த எலும்புக்கூடான லூசி 32 இலட்சம் ஆண்டுகள் பழையவள், இரு காலில் நடந்தாள், மூளையோ சிம்பன்சியினதை ஒத்தது. இருகால் நடைக்கு ஆதாரம் கேட்டால் முண்ணாண் நுழையும் மண்டையோட்டுத் துளை அடிப்பக்கமாக முன்னே வந்தது, இடுப்பெலும்பு குட்டையாகி அகன்றது, தொடையெலும்பு முழங்காலை நோக்கி உட்சாய்ந்தது, கால் பெருவிரல் மற்ற விரல்களோடு வரிசைக்கு வந்தது என நான்கையும் காரணத்தோடு எழுதுங்கள். இலங்கையின் வரலாற்றுக்கு முந்திய பலாங்கொடை மனிதனை வேறோர் இனமாக எழுதாதீர்கள். அவர் உடற்கூற்றில் நவீன மனிதரே. களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கல குகையின் சான்றுகள் சுமார் 48,000 ஆண்டுகள் வரை பின்னே போகின்றன.