பழைய சான்சூய் ஆம்ப்: பணம் கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

திருச்சி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்பவரிடம் சான்சூய் ஏயூ-717 ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது, இடது பக்கம் சத்தம் விட்டுவிட்டு வருகிறது. 'வெறும் தூசி சார்' என்கிறார் விற்பவர். என் மெக்கானிக்கோ, 'வாங்கிட்டு வாங்க, எல்லாக் கண்டன்சரையும் மாத்திடலாம்' என்கிறார். அப்பாவின் எல்பி ரெக்கார்டுகளைக் கேட்பதற்காகத்தான் வாங்க நினைக்கிறேன். வாங்கலாமா?"

விற்பவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். மெக்கானிக் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கோளாறு எங்கே என்று தெரியாமலேயே எல்லாவற்றையும் கழற்றி மாற்றினால், பழைய கோளாறோடு புதிதாக நாலு கோளாறும் சேரும்.

ஏயூ-717 1970-களின் பிற்பகுதியில் வந்த நல்ல செட். 8 ஓம் ஸ்பீக்கரில் பக்கத்துக்கு 85 வாட். டூ-இன்-ஒன் பெட்டிகளில் ஒட்டியிருந்த 'பிஎம்பிஓ' என்ற ஊதிப் பெருக்கிய விளம்பர வாட் இல்லை, நிஜ வாட். நம் ஊரில் வீடியோகான் உரிமம் வாங்கி விற்ற சான்சூய் டிவிக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. அதனால் சர்வீஸ் சென்டரைத் தேடி அலைய வேண்டாம். இணையத்தில் இதன் சர்வீஸ் மேனுவல் கிடைக்கும், அதை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போனதும் பின்பக்க வோல்டேஜ் எழுத்தைப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்காவுக்குப் போன செட். நம் 230-ல் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் 500 விஏ-வுக்குக் குறையாமல். மிக்ஸிக்கு விற்கும் சின்னது தாங்காது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 110 வோல்ட் தரும், 120 வோல்ட் செட்டுக்கு அது சரியே. ஆனால் ஜப்பான் உள்ளூர் விற்பனைக்கான 100 வோல்ட் செட் ஏதாவது கண்ணில் பட்டு, அதை 110-ல் ஓட்டினால் எப்போதும் கூடுதல் வோல்டேஜிலேயே ஓடும். நம் லைன் 240-ஐத் தொடும் இரவுகளில் இன்னும் மோசம். வோல்டேஜ் மாற்றும் வசதி உள்ள செட் என்றால், அது எதில் வைக்கப்பட்டிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். விற்பவரின் வாய்ச்சொல் போதாது.

அடுத்தது சீரிஸ் பல்ப், அதாவது மின்சாரம் ஒரு பல்ப் வழியாகப் போய் ஆம்புக்கு வரும் ஏற்பாடு. மெக்கானிக்கிடம் சீரிஸ் போர்டு இருக்கும், இரவல் வாங்கிப் போங்கள். 100 வாட் குண்டு பல்பாக இருக்க வேண்டும், எல்இடி உதவாது. ஸ்டெப் டவுன் வைத்திருந்தால், பல்ப் அதற்கு முன்னால், 230 பக்கத்தில் வரட்டும். ஸ்பீக்கரை இணைக்காமல், வால்யூமைக் குறைத்து வைத்து ஆன் செய்யுங்கள். பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிட்டு, விலையை வேறு மாதிரி பேசுங்கள், அல்லது கிளம்புங்கள்.

பல்ப் மங்கிவிட்டதா? இனி சீரிஸ் பல்பை எடுத்துவிட்டுப் போடலாம் (120 வோல்ட் செட் என்றால் ஸ்டெப் டவுன் வழியாகவே). சில விநாடிகளில் உள்ளே 'டிக்' என்று ரிலே (ஸ்பீக்கருக்கு வழி திறக்கும் தானியங்கி ஸ்விட்ச்) விழும். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, இரண்டு பக்க ஸ்பீக்கர் டெர்மினலையும் அளவெடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. 100-ஐத் தாண்டினால் ஏதோ சரியில்லை. ரிலே விழவே இல்லை என்றால், ஸ்பீக்கரைக் காப்பாற்ற ஆம்ப் தானே வழியை அடைத்து வைத்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது டெர்மினலில் பூஜ்யம் காட்டும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இப்போது உங்கள் இடது பக்கத்துக்கு வருவோம். வீணானாலும் பரவாயில்லை என்கிற ஸ்பீக்கர் ஒரு ஜோடியை இணைத்து, போனிலிருந்து பாட்டு ஓட விடுங்கள். இடது, வலது இன்புட் வயரை மாற்றிச் செருகுங்கள். சத்தம் போவது வலதுக்கு மாறினால் குற்றம் வயரிலோ போனிலோ. இடதிலேயே நின்றால் ஆம்பில். பிறகு டேப் மானிட்டர் ஸ்விட்ச், ஸ்பீக்கர் செலக்டர், பேலன்ஸ் குமிழ் என ஒவ்வொன்றையும் பத்து இருபது முறை ஆட்டுங்கள். ஆட்டும்போது இடது பக்கம் உயிர் பெற்றால் காண்டாக்ட் கறுத்திருக்கிறது, அவ்வளவே. கண்டன்சருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குறைந்த சத்தத்தில் ஒரு பக்கம் ஊமையாக இருந்து, வால்யூமைக் கூட்டியதும் 'பட்' என்று வந்து சேர்ந்தால், பெரும்பாலும் ரிலேதான்.

இதைச் சரிசெய்ய, லைன் வயரைப் பிடுங்கிவிட்டு, எலக்ட்ரானிக்ஸுக்கான காண்டாக்ட் கிளீனரை வால்யூம் கண்ட்ரோலின் சின்ன இடுக்கில் லேசாக அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திருப்புங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே ஆன் செய்ய வேண்டும். கதவுக் கீலுக்கு அடிக்கும் டபிள்யூடி-40 வேண்டவே வேண்டாம். ரிலே காண்டாக்டை உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் உண்டு. மேல்பூச்சு போய், ஆறு மாதத்தில் கோளாறு திரும்ப வரும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைக் காகிதத்தைக் காண்டாக்டுக்கு நடுவே வைத்து இழுங்கள். காகிதத்தில் கறுப்பு ஏறி வருவது தெரியும். அதிலும் சரியாகாவிட்டால், அதே காயில் வோல்டேஜ் உள்ள புது ரிலே போடுங்கள், பெரிய செலவில்லை.

மூடியைத் திறக்க விற்பவர் சம்மதித்தால் ஒன்றை மட்டும் தேடுங்கள். கண்டன்சர்கள் ஆடாமல் இருக்க அடியில் பசை வைத்திருப்பார்கள். வைத்தபோது வெளிர் மஞ்சள். நாற்பது ஆண்டு சூட்டில் பழுப்பாகி, கெட்டியாகி, ஈரத்தை இழுத்துக் கரண்ட்டையும் கடத்த ஆரம்பிக்கும். பக்கத்தில் உள்ள டையோடு, ரெசிஸ்டர் கால்களையும் அரித்துவிடும். அந்தக் காலச் சான்சூயில் இது பிரபலமான வியாதி. பழுப்புப் பசையை மரக் குச்சியால் சுரண்டி எடுத்து, அரித்த கால் உள்ள பாகங்களை மாற்றுவதுதான் இந்த செட்டின் உண்மையான வேலை. பொறுமை வேண்டும், கூலியும் அதற்குத் தகுந்தாற்போல் ஆகும். பேரம் பேசும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

கண்டன்சரை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. மேலே உப்பியது, கசிந்தது, ஹீட் சிங்க்கை ஒட்டி வெந்துகொண்டிருப்பது, இவற்றை மாற்றுங்கள். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்டேஜ் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி வகை. ஒரு பகுதியை முடித்ததும் ஆன் செய்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். நடுவில் நிற்கும் பெரிய பில்டர் கண்டன்சர்கள் ஹம் ('ம்ம்' என்ற இரைச்சல்) இல்லாமல் ஓடினால் இருந்துவிட்டுப் போகட்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல சரக்கும் உண்டு, நிச்சிகான் பெயர்போட்ட போலியும் உண்டு. சந்தேகத்துக்கு இடமான மலிவு விலை என்றால் வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. 85 வாட் தருவதற்கு உள்ளே பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் தலா 40 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஆஃப் செய்த பிறகும் கண்டன்சரில் அது நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து காட்டும் வீரம் வேண்டாம். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். பயாஸ் பிரிசெட்டை (அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் கரண்ட்டை அமைக்கும் குட்டித் திருகை) மேனுவல் இல்லாமல் யாரும் தொடக்கூடாது, உங்கள் மெக்கானிக் உட்பட.

எல்பி கேட்கத்தான் வாங்குகிறீர்கள் என்பதால் கடைசியாக ஒன்று. டர்ன்டேபிள் இணைக்காமல் செலக்டரை ஃபோனோவில் வைத்து, வால்யூமைப் பாதிக்கு ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் மெல்லிய 'உஸ்' கேட்க வேண்டும், கொஞ்சம் ஹம்மும் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அப்பளம் பொரிவது மாதிரி படபடத்தால், அந்தப் பக்கச் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று கெட்டிருக்கும். அக்கால ஜப்பான் செட்களில் 2எஸ்சி458, 2எஸ்ஏ726 போன்றவை இதற்குப் பேர்போனவை. பதிலாக கேஎஸ்சி1845, கேஎஸ்ஏ992 போடுவது வழக்கம். சால்டர் வைக்கும் முன் பழையது, புதியது இரண்டின் டேட்டாஷீட்டையும் பக்கத்தில் வைத்து, கால் வரிசை ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள்.