துறையில் வாராவாரம் நடக்கும் உளவியல் செமினாருக்குப் போவதால் என்ன பயன்? அங்கே சொல்வதே நாளைக்குத் தப்பாகிவிடுகிறதே?

முதல் பாதிக்கு ஒரு வரி போதும்: போங்கள், பேச்சுக்காக இல்லாவிட்டாலும் கடைசிப் பதினைந்து நிமிடக் கேள்விகளுக்காகவாவது போங்கள். என்னை எழுத உட்கார வைத்தது இரண்டாவது பாதி. "மன உறுதி ஒரு தசை மாதிரி, பயன்படுத்தினால் களைத்துவிடும் என்று பரீட்சைக்குப் படித்தேன். போன வாரம் வந்த பேராசிரியர் அது நிற்கவில்லை என்கிறார். அப்புறம் எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தசையோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

நீங்கள் தமிழ்நாட்டில் எம்.எஸ்ஸி. படிக்கிறீர்கள், அட்டெண்டன்ஸுக்காகக் கடைசி வரிசையில் உட்காருகிறீர்கள், பேச்சாளர் பிபிடியை வாசிக்கிறார், நீங்கள் போனைப் பார்க்கிறீர்கள் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். நானும் பெரிய ஆய்வாளர் கிடையாது. கோவை பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் கேட்ட விஷயம் நடந்தபோது நான் ஒரு செமினார் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

கணவருக்கு வட இங்கிலாந்தில் வேலை. நான் அவரைச் சார்ந்த விசாவில் போய், அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சேர்ந்தேன். புதன்கிழமை நாலு மணிக்குத் துறை செமினார். அந்த ஊர்களில் புதன் மதியம் விளையாட்டுக்கு என்று விட்டுவிடுவார்கள், வகுப்பு இருக்காது, அதனால் அந்த நேரம். பள்ளி விடுவது மூணேகால். பிள்ளையை வைத்திருக்கும் ஒரு பெண் நாலு மணி செமினாருக்கு எப்படி வருவாள் என்று அந்தத் துறையில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை, அதுவும் மனித மனத்தை ஆராயும் துறை. இன்னொரு வீட்டு அம்மாவிடம் கெஞ்சி ஏற்பாடு செய்துகொண்டுதான் போவேன்.

என் ப்ராஜெக்ட் இந்தத் தசைதான். மூலக்கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். 1998-இல் ராய் பாமைஸ்டரும் மூன்று சகாக்களும் வெளியிட்ட சோதனை. பசியோடு வரும் மாணவர்கள். அறை முழுக்க அப்போதுதான் சுட்ட சாக்லேட் பிஸ்கட் வாசனை. சிலருக்கு பிஸ்கட் உண்டு. சிலர் அதைப் பார்த்துக்கொண்டே முள்ளங்கி மட்டும் தின்ன வேண்டும். பிறகு எல்லோருக்கும் தீர்வே இல்லாத ஒரு புதிர். பிஸ்கட் தின்றவர்கள் சுமார் 19 நிமிடம் முட்டி மோதினார்கள், முள்ளங்கிக்காரர்கள் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் போனதும் விட்டுவிட்டார்கள். ஆசையை அடக்கியதிலேயே மன உறுதி செலவாகிவிட்டது என்பது விளக்கம். மொத்தம் 67 பேர். எண்ணிக்கை சின்னது என்று அப்போது யாருக்கும் உறுத்தவில்லை, அந்தக் காலத்து வழக்கமே அப்படி.

அதற்குப் பிறகு வெள்ளம். 2010-இல் மார்ட்டின் ஹாகர் குழு 83 வெளியீடுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, விளைவின் அளவு 0.62 என்றது. இதைச் சாதாரணமாகச் சொன்னால்: களைத்த கூட்டத்திலிருந்து ஒருவர், களைக்காத கூட்டத்திலிருந்து ஒருவர் என்று ஜோடி ஜோடியாக எடுத்தால், 100 ஜோடியில் சுமார் 67-இல் களைத்தவர் பின்தங்கியிருப்பார். வித்தியாசமே இல்லையென்றால் அது 50. உளவியலில் 67 என்பது நல்ல எண். பாடப் புத்தகத்தில் ஏறிய எண்.

எனக்கு வரவில்லை. முதலில் கடினமான வேலை கொடுத்துக் களைக்க வைக்க வேண்டும், அப்புறம் ஸ்ட்ரூப் சோதனை, அதாவது சொல்லை வாசிக்காமல் அது எழுதப்பட்ட நிறத்தைச் சொல்வது. மதிப்பெண்ணுக்காக வரும் முதலாண்டு மாணவர்கள்தான் எனக்குப் பங்கேற்பாளர்கள். களைத்தவர்களுக்கும் களைக்காதவர்களுக்கும் துளி வித்தியாசம் இல்லை. என் வழிகாட்டி நல்ல மனுஷி, "இதையும் எழுது" என்றார். ஆனால் அதே ஆய்வகத்தில் ஒரு சீனியர், சிரித்த முகத்தோடு, "உங்கள் உச்சரிப்பில் கொடுத்த வழிமுறை அவர்களுக்குச் சரியாகப் புரிந்திருக்காது" என்றார். வழிமுறை முழுவதும் திரையில் எழுத்தாக வந்தது. நான் சொன்னதெல்லாம் "வணக்கம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" மட்டும்தான். அதை அவரிடம் சொன்னேன். "ஓ" என்றார். அந்த "ஓ" இன்னும் காதில் இருக்கிறது. ஊரில் சமையல் சரியாக வராவிட்டால் கைராசி இல்லை என்பார்கள் பாருங்கள், ஆய்வகத்திலும் அதே பேச்சு இருக்கிறது, ஆங்கிலத்தில் நடக்கும், அவ்வளவுதான்.

படிப்பு முடிந்து அங்கேயே பகுதிநேர உதவியாளராக இருந்தேன். 2016-இல் ஒரு புதன்கிழமை. வெளியூரிலிருந்து வந்த ஒரு இளம் ஆய்வாளர், ஹாகர் தலைமையில் 23 ஆய்வகங்கள் சேர்ந்து ஒரே முறைப்படி செய்த மறுசோதனையை விளக்கினார். கவனியுங்கள், 0.62 என்று சொன்ன அதே ஹாகர்தான். தன் எண்ணைத் தானே பரிசோதிக்க முன்வந்த ஆள். 2,141 பேர். என்ன செய்யப்போகிறோம், எப்படிக் கணக்கிடுவோம் என்பதையெல்லாம் தரவு வருவதற்கு முன்பே எழுதிப் பதிவு செய்துவிட்டார்கள். திரையில் ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இரு பக்கமும் கோடு. நடுவே பூஜ்ஜியம். புள்ளிகள் பூஜ்ஜியத்தைச் சுற்றி இங்குமங்குமாகக் கிடந்தன. கடைசி எண் 0.04. முன்பு சொன்ன ஜோடிக் கணக்கில் 67 என்பது 51 ஆகிவிட்டது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! 23 ஆய்வகங்களுக்கும் உச்சரிப்புக் கோளாறா என்று எழுந்து கேட்கலாம் போல இருந்தது. கேட்கவில்லை.

கேள்வி நேரம்தான் விஷயம். முதல் கேள்வி அந்த "ஓ" சீனியரிடமிருந்து. "நீங்கள் பங்கேற்பாளர்களைக் களைக்க வைத்த வேலை, திரையில் வரும் சொல்லில் ஆங்கில 'e' எழுத்து சில இடங்களில் இருந்தால் மட்டும் பொத்தானை அழுத்துவது. அழுத்தும் பழக்கத்தை முதலில் ஊறவைக்காமல், அதை அடக்கச் சொன்னால் எதை அடக்குவார்கள்? யாருமே களைக்கவில்லை என்றால் கோட்பாடு எப்படித் தோற்கும்?" எனக்கு அவர் மேல் கோபம் இருந்தாலும் கேள்வி கச்சிதமானது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாமைஸ்டர் தரப்பும் அதே ஆட்சேபத்தைத்தான் அச்சில் எழுப்பியது. பேச்சாளர் சமாளிக்கப் பார்க்கவில்லை. "நியாயமான கேள்வி. களைப்பாக இருந்ததா, கடினமாக இருந்ததா என்று கேட்டோம், ஆம் என்றார்கள். அது போதுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

பிறகு ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு பேராசிரியை, பேச்சாளரை விட்டுவிட்டு அறையைப் பார்த்துத் திரும்பினார். "இந்த விளைவைத் தேடி, கிடைக்காமல், அலமாரியில் போட்டுவைத்தவர்கள் எத்தனை பேர்?" கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. நானும் தூக்கினேன். வரிசைக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். கிடைக்காத முடிவுகள் அலமாரிக்குள் போய்விடுவதால் வெளியாவது மட்டும் பார்க்க அழகாகத் தெரியும் என்று ராபர்ட் ரோசென்தால் 1979-லேயே எழுதிவிட்டார். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நானே அதை எழுதியிருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர் கை தூக்குவதைப் பார்ப்பது வேறு.

இப்போது உங்கள் "நாளைக்குத் தப்பாகிவிடுகிறதே" என்பதற்கு வருகிறேன். அந்தச் சீனியரின் ஆட்சேபம் அந்த அறையோடு போகவில்லை. அதே கேள்வி எத்தனையோ அறைகளில் கேட்கப்பட்டது. பாமைஸ்டரோடு நெடுங்காலம் வேலை செய்த கேத்லீன் வோஸ் தலைமையில் இன்னொரு பெரிய முயற்சி நடந்து 2021-இல் வெளியானது: 36 ஆய்வகங்கள், 3,531 பேர். இந்த முறை கோட்பாட்டை நம்புகிறவர்களே பொருத்தமான வேலைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வந்த எண் 0.06. சின்னதாக ஏதோ இருக்கிறது என்று வாதாடுபவர்கள் இன்றும் உண்டு, இருக்கட்டும். ஆனால் 67 பேரை வைத்து எழுப்பிய கட்டடத்தைச் சந்தேகித்து, அந்தச் சந்தேகத்தையும் சந்தேகித்து, மறுபடி சோதித்திருக்கிறார்கள். நீங்கள் போன வாரம் கேட்டது இந்த நீண்ட சண்டையின் ஒரு சுற்று. புத்தகத்துக்கு அது வந்து சேர இன்னும் இரண்டு பதிப்பு ஆகும். செமினாரில் இலவசமாக முன்கூட்டியே கிடைக்கிறது.

உடனே சிலர் கிளம்பி வருவார்கள், "பார்த்தீர்களா, உளவியல் அறிவியலே இல்லை" என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லுங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த யாருக்கும் நாக்கு தடுக்கும். ஸ்ட்ரூப் இதை வெளியிட்டது 1935-இல், இன்றும் அசையவில்லை. படித்தது நேரம் போகப் போக எவ்வளவு மறக்கிறது என்று எபிங்ஹவுஸ் 1885-இல் தன்னை வைத்தே வரைந்த மறதிக் கோட்டை 2015-இல் நெதர்லாந்தில் திரும்பச் செய்து பார்த்தார்கள், கிட்டத்தட்ட அதே கோடு வந்தது. எது நிற்கும், எது விழும் என்று பிரித்துப் பார்ப்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு தரப்பு, "இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆய்வு, நமக்கு எதற்கு" என்பார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. முன்னணி இதழ்களில் வந்த ஆய்வுகளின் பங்கேற்பாளர்களில் 96 சதவீதம் மேற்கத்திய, தொழில்மயமான நாட்டவர்கள் என்று ஜெஃப்ரி ஆர்னெட் 2008-இல் எடுத்து வந்த தகவல்களிலிருந்து பிறகு கணக்கிட்டார்கள். அதனால்தான் 2017-இல் கிருஷ்ணா சவானியும் வெரோனிகா ஜாப்பும் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடிக்கும். மன உறுதியைச் செலவழித்தால் சோர்வு வரும் என்பதை விட, தெம்பு வரும் என்று நம்புகிறவர்கள் இந்தியர்களில் அதிகம். முதலில் கடினமான வேலை செய்த இந்தியப் பங்கேற்பாளர்கள் அடுத்த வேலையை இன்னும் நன்றாகவே செய்தார்கள். சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்துகொண்டே வீட்டு வேலையும் பார்க்கும் என் அத்தையிடம் இதைச் சொன்னால், இதற்கு ஆராய்ச்சி வேறயா என்பார். இதையும் பல ஆய்வகங்கள் சேர்ந்து சோதிக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காக விட்டுவிடக் கூடாது. அதைச் செய்ய வேண்டியதும் நம் துறைகள்தான்.

அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். நம் ஊர் செமினாரில் குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம் ஒன்றரைப் பக்கம், பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை. கேள்விக்கு நேரம் இருக்காது. இருந்தால், முன்கூட்டியே சொல்லிவைத்த மாணவி "சார், உங்கள் உரை மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று ஆரம்பிப்பாள். 2020 ஊரடங்கில் நடந்த கூத்து உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. நாளுக்கு நாலு வெபினார், கூகுள் ஃபார்மில் பெயர் போட்டால் மாலையில் இ-சர்டிஃபிகேட். பேச்சைக் கேட்காமலே வாங்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு ஃபைல் நிறையச் சேர்த்து நேர்முகத்துக்குக் கொண்டுபோனார், வேலையும் கிடைத்தது. அதே நேர்முகத்தில் என்னிடம், வெளிநாட்டு எம்.எஸ்ஸி.க்கு இணைத்தன்மைச் சான்றிதழ் எங்கே என்று கேட்டு மாதக்கணக்கில் அலையவிட்டார்கள். கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், சொல்லிவிட்டேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு. பேச்சு முழுவதும் புரிய வேண்டும் என்று போகாதீர்கள். எனக்கே பாதி புரியாது, நரம்பியல் ஸ்கேன் என்றால் முக்கால்வாசி. எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள், எத்தனை பேரின் தரவைக் கழித்தார்கள், கழிப்பதென்று எப்போது முடிவு செய்தார்கள் என்று மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எப்போது முடிவு செய்தீர்கள் என்பதற்குப் பேச்சாளர் சட்டென்று பதில் சொன்னால் நம்பிக்கை வரும். சுற்றி வளைத்தால் நோட்டில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பது. இஸ்ரேலில் பரோல் வழக்குகளில் இடைவேளை முடிந்ததும் கிட்டத்தட்ட 65 சதவீதம் சாதகமாக இருந்த தீர்ப்புகள், அடுத்த இடைவேளை நெருங்கும்போது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போனதாக 2011-இல் ஒரு பிரபலமான ஆய்வு. நீதிபதிகள் களைத்துவிட்டார்கள் என்றார்கள். அதே ஆண்டு இருவர் எழுதிய பதில்: வக்கீல் இல்லாத கைதிகளின் வழக்குகள் ஒவ்வொரு அமர்விலும் கடைசியில்தான் வரும், அவர்களுக்குத் தோல்வி அதிகம். இதைச் சொல்லப் புள்ளியியல் பட்டம் தேவையில்லை. நீதிமன்ற வாசலில் ஒரு காலை நின்றவர் கேட்கக்கூடிய கேள்வி அது.

உங்கள் ஹெச்ஓடி முறைப்பார் என்ற பயம் இருந்தால் மைக்கில் கேட்க வேண்டாம். விருந்தினருக்குக் காபி கொடுக்கும்போது பக்கத்தில் போய், "சார், எத்தனை பேரின் தரவை எடுத்துவிட்டீர்கள்?" என்று கேளுங்கள். நிஜமாகவே ஆராய்ச்சி செய்தவர் காபியைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார்.